நீட்டுத் துப்பாக்கியா, குட்டைத் துப்பாக்கியா?

நேராகச் சுடும், ஆனால் கைக்கு அடங்காத துப்பாக்கியில் பழகுவது நல்லதா? கைக்கு அடங்கும், ஆனால் கோணலாகச் சுடும் துப்பாக்கியில் பழகுவது நல்லதா? போன பொங்கலிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சோறு வடிக்கும்போதும் வருகிறது, குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் வருகிறது. பதில்தான் வரவில்லை.

பயப்பட வேண்டாம். நான் யாரையும் சுடப் போவதில்லை. பலூன்தான்.

என் கணவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்கு மாற்றலாகி வந்தோம். நான் காட்டூர்ப் பெண். எங்கள் வீட்டில் நெல் தெரியும், மாடு தெரியும். இறாலைக் குழம்பில் பார்த்ததோடு சரி. இங்கே வந்த பிறகுதான் எங்கள் எதிர்வீட்டு அக்காவும் மற்றப் பெண்களும் விடியற்காலை நாலரைக்கே கரையில் குந்தி, இறால் வாங்கும் வண்டிக்காரர் வருவதற்குள் பெரிசு வேறு சிறிசு வேறாக இறால் பிரிப்பதைப் பார்த்தேன். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் இறால் எது, நண்டு எது என்பது கையில் கடி வாங்கிய பிறகே தெரியும். அக்காவின் விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருக்கும்.

போன வருஷம் ஊர்ப் பொதுவில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கினார்கள். அது இறால் பிரிக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். வலை முடையும் கொட்டகைக்குத்தான் வேண்டும் என்று ஆண்கள் சொன்னார்கள். அந்தக் கொட்டகையில் பொழுது சாய்ந்தால் வலையை விடச் சீட்டுக்கட்டுதான் அதிகம் விரியும் என்பது ஊருக்கே தெரியும். பேச்சு தடித்தது. அப்போது பழவேற்காட்டிலிருந்து பொங்கலுக்குப் பலூன் சுடும் கடை போட இடம் பார்க்க வந்திருந்த பாய் ஒரு வழி சொன்னார்.

"சண்டை எதுக்கு? காணும் பொங்கலன்னிக்கு ஆம்பளைங்கள்ல ஒரு ஆளு, பொம்பளைங்கள்ல ஒரு ஆளு. எங்கிட்ட ரெண்டு கைத்துப்பாக்கி கீது. ஓடி ஓடிச் சுடுங்க. ஜெயிச்ச பக்கம் வௌக்கு."

ஆண்கள் பக்கம் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரரே நிற்பதாக முடிவானது. பெண்கள் பக்கம் யார் என்று கேட்டதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது. பொன்னேரியில் படித்த காலத்தில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து காக்கி உடுத்திக்கொண்டு துப்பாக்கி சுட்டதாகக் குழாயடியில் ஒரு நாள் சொல்லியிருந்தேன். சுட்டது நிஜம். மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு, நீளமான துப்பாக்கியால், மொத்தம் ஐந்து தடவை. இந்தப் பின்பாதியை நான் குழாயடியில் சொல்லவில்லை. குடம் நிறைந்துவிட்டது.

"வாத்தியாரூட்டம்மா சுடும்! காக்கி போட்ட பொண்ணு!" என்று அக்கா கூவிவிட்டார். துணி சுற்றிய அந்த விரலைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பந்தயத்தின் விதிகளைப் பாயும் என் கணவரும் சேர்ந்து எழுதினார்கள். மூன்று இடம், இடத்துக்கு இரண்டு பலூன், பலூனுக்கு ஒரே ஒரு ரவை. முதல் இடத்தில் கவிழ்த்த படகின் பின்னால் நின்று சுட வேண்டும். அங்கிருந்து ஓடி, காயப் போட்ட வலைக்கு அடியில் மண்டியிட்டுச் சுட வேண்டும். பிறகு ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று, கட்டிய படகில் ஆடும் பலூனைச் சுட வேண்டும். ஒவ்வொரு பலூனுக்கும் என் கணவர் முப்பது எண்ணி விசில் ஊதுவார். அதற்குள் சுடாவிட்டால் அந்தப் பலூன் போச்சு.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே பாய் இரண்டு துப்பாக்கிகளையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். "வாத்தியாரூட்ல இருந்தா பத்திரம் தங்கச்சி. ரெண்டையும் சுட்டுப் பாரு. எது கைக்கு வருதோ அதப் புடிச்சிக்க."

அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டும் காற்றுத் துப்பாக்கிதான். ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி ரவை போட வேண்டும். ஒன்று நீளம், கனம். அதன் குழலை மடக்க இரண்டு கையும், தொடையும், கொஞ்சம் தெய்வ அனுக்கிரகமும் வேண்டும். ஆனால் குறி பார்த்த இடத்தில் போய் அடிக்கும். மற்றது குட்டை. பிள்ளையின் கிலுகிலுப்பை மாதிரி கைக்குள் உட்காரும், சட்டென்று மடங்கும். ஆனால் பத்தடி தூரத்திலேயே நாலு விரற்கடை இடது பக்கம் ஒதுங்கிப் போகும். நீட்டு, குட்டை என்று பெயர் வைத்தேன். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் நீட்டின் நன்மை தீமை, அந்தப் பக்கம் குட்டையின் நன்மை தீமை என்று எழுதினேன். காலையில் நீட்டு என்று முடிவு செய்வேன். குழந்தை தூங்கி எழுவதற்குள் குட்டை என்று ஆகிவிடும்.

"ஏம்மா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கவும் இப்படித்தான் கோடு போட்டியா?" என்றார் கணவர்.

போட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். தரையில் விட்டால் மண்ணைத் தின்பாள். ரவையையும் தின்பாள் என்ற பயத்தில் ரவை டப்பாவைப் பயிற்சிக்கு முன் ஒரு தடவை எண்ணுவேன், பின் ஒரு தடவை எண்ணுவேன். ஒன்று குறைந்தால் அவள் வாயைத் திறந்து பார்ப்பேன். ஒரு நாள் என் செருப்புக்குள் இருந்தது. வேறு வழியில்லாமல் பழைய சேலையால் அவளை இடது இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுட்டேன். சத்தம் காதுக்கு ஆகாதே என்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்தேன். அவள் பஞ்சை எடுத்துத் தின்றாள். பிள்ளை பெற்றவள் செய்கிற வேலையா இது என்று ஒவ்வொரு ரவைக்கும் ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். அவளோ ஒவ்வொரு சத்தத்துக்கும் "டப்பு" என்று சிரிப்பாள்.

இடுப்பில் பிள்ளையோடு நீட்டை மடக்க முடியாது. அதனால் குட்டை என்று ஒருவழியாக முடிவாயிற்று. நாலு விரற்கடை வலது பக்கம் தள்ளிக் குறி பார்க்கப் பழகினேன். நாலாம் நாள் பத்துக்கு எட்டு அடித்தேன். நீட்டைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன்.

இடையில் ஒரு நாள் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கும் பயிற்சி வேண்டுமே என்று நானே கூப்பிட்டு அனுப்பியிருந்தேன். காப்பி குடித்தார். இரண்டு துப்பாக்கியிலும் இரண்டு ரவை சுட்டார். போதும் என்று எழுந்தார்.

"நீங்க எது எடுக்கப் போறீங்கண்ணா?" என்றேன்.

"எது வந்தா இன்னாம்மா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். என்ன திமிர் என்று நினைத்தேன். அது திமிர் இல்லை என்பது எனக்குக் காணும் பொங்கலன்றுதான் தெரிந்தது.

அன்று மேஜைமேல் இரண்டு துப்பாக்கியும் இருந்தன. பெண்கள் எல்லோரும் தலையில் பூவோடு என் பின்னால் நின்றார்கள். குழந்தை அக்காவின் இடுப்பில். நான் நேராகப் போய்க் குட்டையைக் கையில் எடுத்தேன்.

"அத்தக் கீழ வைம்மா," என்றார் ஊர்த் தலைவர். "பாடு போடாம எப்டி எடுப்ப?"

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கு நான் புரியாமல் நிற்பதுதான் புரியவில்லை.

"இன்னாம்மே முழிக்கிற? ஏரியில இறால் நல்லா வர்ற எடத்த ஒர்த்தனே வெச்சிக்கினா மத்தவன் இன்னா பண்ணுவான்? அதுக்குத்தான சீட்டுப் போட்டு பாடு பிரிக்கறாங்க? இன்னிக்கு நல்ல எடம் எனக்குன்னா நாளிக்கு உனுக்கு. துப்பாக்கி ரெண்டும் ஒரே மாதிரியா கீது? அதுக்கும் பாடுதான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

"இத்தக் கூடவா சொல்லுவாங்க?"

விதிகளை எழுதிய என் கணவரைப் பார்த்தேன். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் வானத்தைப் பார்த்தார். இந்தக் குப்பத்தில் பொதுவான பொருள் எதுவானாலும் சீட்டுப் போட்டுத்தான் கைக்கு வரும், பிறகு முறை மாறும். இரண்டு வருஷம் ஏரிக்கரையில் குடியிருந்தும் அது தண்ணீருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

தலைவர் ஒரு நீளக் கயிற்றையும் ஒரு குட்டைக் கயிற்றையும் கைக்குள் மறைத்து நீட்டினார். எனக்கு வந்தது நீளம். அதாவது முதல் இடத்தில் எனக்கு நீட்டு, இரண்டாவதில் குட்டை, மூன்றாவதில் மறுபடி நீட்டு. அண்ணனுக்கு அப்படியே தலைகீழ்.

அண்ணன் முதலில் சுட்டார். குட்டையில் முதல் ரவை இடது பக்கம் போயிற்று. "ஓகோ, நீ அப்பிடிப் போறியா?" என்று துப்பாக்கியிடம் சொல்லிவிட்டு அடுத்ததை உடைத்தார். நீட்டில் இரண்டும். தண்ணீரில் ஒன்று. மொத்தம் நாலு.

என் முறை. கவிழ்த்த படகின் பின்னால் நின்று, நீட்டை மடக்கவே பதினெட்டு எண்ணியாயிற்று. குறி பார்த்தேன். ஆறு நாளாகப் பழகிய கை தானாகவே நாலு விரற்கடை வலது பக்கம் போயிற்று. நேராகச் சுடும் துப்பாக்கி நேராக வலது பக்கம் சுட்டது. இரண்டாவதை அவசரத்தில் எப்படியோ உடைத்தேன். ஆனால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஆடியது.

"இன்னாம்மே, குடிச்ச மாதிரி ஆடற?" என்று அக்கா கத்தினார்.

"இடுப்புல பாப்பா இல்லாம நிக்க வரலக்கா!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பக்கத்துப் படகில் கிடந்த வீச்சுவலையை, ஈயக் குண்டும் ஈரமுமாக அப்படியே இழுத்துக்கொண்டு ஓடி வந்து, என் இடது தோளில் போட்டு இடுப்பில் சுற்றிவிட்டார். சரியாக என் மகளின் கனம். வாசனைதான் வேறு.

"ஏய், அது என் வலை!" என்றார் அண்ணன்.

"வலைக்கும் ஒரு பாடு போடணுமா? கம்னு குந்து!" என்றார் அக்கா.

வலைக்கு அடியில் மண்டியிட்டேன். உடம்பு நின்றது. கையில் குட்டை. டப்பு, டப்பு. இரண்டும் உடைந்தன. பெண்கள் போட்ட சத்தத்தில் படகில் உட்கார்ந்திருந்த கொக்கு ஒன்று எழுந்து போனது. மூன்று ஆயிற்று. இன்னும் இரண்டும் உடைத்தால் விளக்கு எங்களுக்கு.

தண்ணீரில் இறங்கினேன். மறுபடி நீட்டு. "நேரா, நேரா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முதல் பலூனை உடைத்தேன். நாலு. கடைசி ரவை. சேலை காலில் ஒட்டியது, குழல் மடங்க மாட்டேன் என்றது, கணவர் இருபத்திரண்டு என்றார். படகு எழுந்தபோது பலூன் தெரிந்தது. அந்த ஒரு கணத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேராகப் பார்க்க வேண்டியது இதுவா, அதுவா? நேராகவா, நாலு விரற்கடையா? இருபத்தேழு என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு விரற்கடை தள்ளிச் சுட்டேன்.

அந்த இடத்தில் பலூன் இல்லை.

நாலுக்கு நாலு. தலைவர் யோசிக்கவே இல்லை. "வௌக்குக்கும் பாடு. ஒரு நாள் அங்க, ஒரு நாள் இங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடப்பு வேறு. கொட்டகையிலிருந்து எங்கள் முறைக்கு வரும்போது விளக்கில் மேண்டில் உடைந்திருக்கும், இல்லாவிட்டால் எண்ணெய் இருக்காது. அக்கா கேட்டால், "உங்க பாடு நாள்ல வௌக்கு எரிலன்னா நாங்க இன்னா பண்றது?" என்பார் அண்ணன். போன வாரம் அக்காவுக்கு நண்டு கடித்த விரல் சீழ் வைத்து, பொன்னேரிக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்தார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. "இந்த வாட்டி முயுசா நம்ம பக்கம் வந்துரும், இல்ல வாத்தியாரூட்டம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த இரண்டு விரற்கடைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வருகிற பொங்கலுக்கு மறுபந்தயம் என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். நான் கெஞ்சிக் கேட்டதால் பாய் இரண்டு மாதம் முன்னதாகவே துப்பாக்கிகளைக் கொடுத்திருக்கிறார். இரண்டும் பரணில் இருக்கின்றன. நோட்டில் மறுபடி கோடு போட்டிருக்கிறேன். எந்தக் கயிறு வரும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். முதலில் வருகிற துப்பாக்கியால் நாலு பலூன், மற்றதால் இரண்டு. இரண்டையும் பாதிப் பாதி பழகினால் போன தடவை மாதிரி நடுவில் சுட்டுவிடுவேனோ என்று பயம். ஒன்றையே பழகினால் மற்றது வந்துவிடுமோ என்று பயம். நீட்டை யார் வேண்டுமானாலும் சுடலாம், கோணலான குட்டைக்குத்தான் பழக்கம் தேவை என்கிறார் கணவர். நீட்டை முப்பதுக்குள் மடக்குவதுதான் கஷ்டம் என்கிறார் பாய். "எது வந்தா இன்னா" என்கிற அண்ணனின் மனசு எனக்குப் பிறவியிலேயே கொடுக்கப்படவில்லை.

இதைப் படிப்பவர்களில் துப்பாக்கி பழகியவர்கள் யாராவது இருப்பீர்கள். போட்டியில் சுட்டவர்களோ, காவல் வேலையில் இருந்தவர்களோ, பலூன் கடை வைத்திருப்பவர்களோ, யாரானாலும் சரி. இரண்டு மாதம்தான் இருக்கிறது. நான் எதை எடுத்துப் பழகட்டும்? ஒன்றையா, இரண்டையுமா? இரண்டையும் என்றால், கை ஒன்றை மறந்து மற்றதை நினைக்க என்ன செய்ய வேண்டும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகள் இப்போது இடுப்பில் நிற்பதில்லை, இறங்கி ஓடுகிறாள். அவளுக்குப் பதிலாக எதைக் கட்டிக்கொண்டு பழகலாம் என்பதையும் யோசித்து எழுதுங்கள். வீச்சுவலை வேண்டாம். அண்ணன் இந்தத் தடவை அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.