தள்ளிப்போட்ட கிரகப்பிரவேசம்

படூரில் ஐ.டி. பிள்ளைகள் குடியிருக்கும் மாடி வீடுகளில் பாதிக்கு நான்தான் தளம் போட்டேன். நெம்மேலிப் பக்கம் உப்புக்காற்றில் நான் எழுப்பிய சுற்றுச்சுவரில் இன்றுவரை ஒரு விரிசல் காட்ட முடியாது. செங்கல்பட்டில் கல்யாண மண்டபம், மாமல்லபுரம் ரோட்டில் பள்ளிக்கூடம், இரண்டும் என் வேலை. நான் படித்ததோ மூன்றாம் வகுப்பு. அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவளின் பிள்ளை, கொத்துக்கரண்டி பிடித்து மேஸ்திரியானேன். சொன்ன தேதி தவறினேன் என்று ஒருவனும் சொன்னதில்லை.

ரோடு அகலமாகி ஊரெல்லாம் ஃபிளாட் முளைத்த காலத்தில் எனக்கென்று ஒரு வீடு கட்டினேன். தை மாதத்தில் கிரகப்பிரவேசம். பத்திரிகை அடித்தாயிற்று.

என் வீட்டுக்காரிக்கோ வருஷக்கணக்காகப் பெரும் உதிரப்போக்கு. மாதம் வந்தால் கட்டிகட்டியாகக் கொட்டும். வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்னோடு சித்தாளாகக் கலவை சுமந்த உடம்பு, புது வீட்டுப் படியிலேயே மயங்கி விழுந்தது. புரட்டாசியில் செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கர்ப்பப்பையோட உள்சதை, அதோட சுவருக்குள்ளயே புகுந்து வளருது. அடினோமையோசிஸ். பையை எடுக்கலாம், ஆனா இவ்வளவு ரத்தக்குறைவுல இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது. ஹார்மோன் மருந்து வெச்ச சின்ன சாதனம் ஒண்ணு உள்ள வைக்கிறேன். மருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். முதல் சில மாசம் சொட்டுச் சொட்டா ரத்தம் படும். பயந்துட்டு எடுத்துடாதீங்க."

வைத்தார்கள். வீட்டில் என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாடா இது, பேரன் எடுக்கற வயசுல, புள்ள வேணாம்னு வெக்கற லூப்பு மாட்டிகினு வந்துகீறா?"

டாக்டரம்மா சொன்னபடியே கொட்டுவது குறைந்தது. ஆனால் தினமும் கொஞ்சம் பட்டுக்கொண்டே இருந்தது. மார்கழி வந்தும் நிற்கவில்லை. தீட்டோடு பால் காய்ச்சக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அக்கா அதையே பிடித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தேன். கூடத்தில் வேலையை விட்டு நின்ற ஒரு நர்ஸம்மா கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரி பாயில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"லூப்போட நூலு தொங்குதாம்டா. புடிச்சி இழுத்தா ரெண்டு நிமிசம்," என்றாள் அக்கா.

நர்ஸம்மாவுக்கும் பாய்க்கும் நடுவில் போய் நின்றேன். "எவளும் அவ மேல கை வெக்கக்கூடாது!"

பாயிலிருந்து குரல் வந்தது. "எடுத்துடட்டும்யா. என் வூட்ல நான் பால் காய்ச்சாம வேற எவ காய்ச்சுவா?"

"எடுத்தா பழையபடி கொட்டும். அப்புறம் பால் காய்ச்ச நீ இருப்பியா?"

அவள் பக்கத்தில் குந்தினேன். "காயாத பச்சைத் தளத்தைக் கீழ தாங்கிகினு நிக்கற சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பியாம்மே? எத்தினி தளத்துக்குத் தண்ணி ஊத்தின கை உன்னுது!"

சுவர் பக்கமிருந்து என் பக்கம் திரும்பி, "மாட்டேன்," என்றாள்.

"அப்ப இதுவும் இருக்கட்டும். தேதியத் தள்ளிப் போடறேன்."

"பத்திரிகை அடிச்சாச்சுடா! மேஸ்திரி வூடே முடியலன்னு ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்."

நர்ஸம்மா எழுந்துவிட்டாள். "டாக்டரம்மா வெச்சத நான் தொடல சாமி."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. "இன்னா மச்சான், சிமெண்ட்டு தீந்துபோச்சா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். தாங்கிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் பயம். தினமும் வேலைக்குப் போகுமுன் மொட்டைமாடிக் கொடியைப் பார்ப்பேன், அவளுடைய தீட்டுத் துணிகள் காய்கின்றனவா என்று. மாசியில் கொஞ்சம் குறைந்தன. பங்குனியில் ஒன்றிரண்டு. சித்திரையில் வெறும் கொடி ஆடியது. டாக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையில் முகத்திலும் ரத்தம் ஊறியிருந்தது.

வைகாசியில் அவளே பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தது.

அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள், "டாக்டரம்மா புண்ணியம்," என்றாள். அக்காவோ, "திருக்கழுக்குன்றம் மலையேறி நான் வேண்டிக்கினது," என்றாள். அதே அக்கா! மகள்கள், "அம்மா தைரியம்," என்றார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மாவின் கை பெரிய கை. வலியைத் தாங்கியவளும் என் வீட்டுக்காரிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் தேதி தவறாத மேஸ்திரி என்று வாழ்நாளெல்லாம் சேர்த்த பேரை, அவள் வயிற்றிலிருந்த அந்தச் சாதனத்தைக் காப்பாற்ற விட்டுக்கொடுத்தவன் நான். இந்த வீட்டில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் முன்னாலேயே சொல்ல வேண்டும்.