பிரீதர் குழாயில் கட்டிய டின்

கார் ரிப்பேர் தொழிலில் கை கருப்பாவது பெரிய விஷயமில்லை, மூடியைக் கழற்றியதும் நெஞ்சு பக்கென்று ஆகிறதே, அதற்குத்தான் எத்தனை வருஷமானாலும் பழக்கம் வருவதில்லை. பழைய வண்டி வைத்துப் பாடுபட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் ரயில்வே கேட் பக்கம் எனக்கு ஒரு ஷெட் இருந்தது.

உள்ளே இருந்த பாகு

டாக்சி டிரைவர் அருணாசலம் ஒரு நாள் வண்டி இழுக்கவில்லை என்று கொண்டுவந்தார். வண்டி வெளியே பளபளவென்று இருந்தது. இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றினேன். கருப்பட்டிப் பாகு மாதிரி கன்னங்கரேலென்று அப்பியிருந்தது. விரலை விட்டு வழித்தேன், வந்துகொண்டே இருந்தது. காற்று போக ஒரு விரற்கடை வழிதான் மிச்சம்.

இன்ஜினின் வயிற்றில் எண்ணெய் ஆவி சேரும். அது வெளியேற பிரீதர் என்று ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய் ஆவியைக் காற்று போகிற வழியிலேயே கொண்டுவிடும். வண்டி தேயத் தேய ஆவியோடு எண்ணெயும் போய்ப் படியும். இதை விளக்கிச் சொன்னதும் அருணாசலம் என் கையிலிருந்த அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள இம்புட்டு கெடக்கு. நான் தெனமும் வெளிய தொடச்சிக்கிட்டு அலையுதேன் பாருங்க அண்ணாச்சி."

நிற்காத வேன்

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி முத்தையா, டீசல் வேனில் மனைவியோடு கோயிலுக்கு வந்தவர், வண்டி ரொம்ப இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது என்று ஷெட்டில் நிறுத்தினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிய இன்ஜின் திடீரென்று அலற ஆரம்பித்தது. முத்தையா ஆக்சிலேட்டரில் காலே வைக்கவில்லை. சாவியை உருவினார். டீசலை நிறுத்துகிற கம்பியை இழுத்தார். அலறல் ஏறிக்கொண்டேதான் போனது. தெருவே நீலப் புகையில் மறைந்தது. பிரீதர் வழியாக வந்த தன் எண்ணெயையே குடித்து ஓடுகிறது, இனி வெடித்தால்தான் நிற்கும் என்று எனக்கு விளங்கியது.

இரண்டு பேரையும் இறங்கி ஓடச் சொன்னேன். ஈரச் சாக்கைச் சுருட்டி, காற்று போகிற வாயில் அடைத்து, மேலே பலகையை வைத்து அழுத்தினேன். இரண்டு தடவை திணறிவிட்டு இன்ஜின் அடங்கியது. காது கொய்யென்றது. முத்தையாவின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். "நிறுத்தின பெறகும் கத்துதே, இவுககூட இருந்து இருந்து வண்டிக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கிட்டு போல."

துப்பினது

அதன்பிறகு எனக்கு நிம்மதியில்லை. ஒரு பால் பவுடர் டின்னில் இரண்டு குழாய் பற்றவைத்து, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைத் திணித்து, பிரீதர் குழாய்க்கு நடுவே கட்டினேன். எண்ணெய் டின்னில் தங்கிவிடும், ஆவி மட்டும் போகும். வேனுக்கு ஒன்று, டாக்சிக்கு ஒன்று. அவ்வப்போது திறந்து கொட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுபடி வேன் வந்தபோது இன்ஜின் எண்ணெயைப் பார்த்தேன். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. டின்னில் சேர்ந்ததை, ஆவி குளிர்ந்த தண்ணீரும் கசடுமாக, முத்தையா திரும்ப இன்ஜினிலேயே ஊற்றியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் பேரிங் போயிருக்கும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார். "நம்ம இன்ஜின் துப்பினதுதான அண்ணாச்சி, அதுக்கே திரும்பக் குடுத்தா என்ன தப்பு?"

இளையரசனேந்தல் ரோட்டில்

வேனைச் சரிபண்ணிய பிறகு, ஓட்டத்தில் இன்ஜின் சத்தம் எப்படி என்று கேட்டுப் பார்க்கலாமென்று முத்தையாவோடு கோவில்பட்டிக்குப் போனேன். பின்னால் எலுமிச்சை மூட்டை. இளையரசனேந்தல் தாண்டியதும் ரோட்டோரம் அருணாசலத்தின் டாக்சி, பானெட்டிலிருந்து புகை. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் புருஷன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வேனில் மூட்டைகளை ஒதுக்கி அவளைப் படுக்கவைத்தோம். புருஷனையும் ஏற்றிக்கொண்டு முத்தையா கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வேனைக் கிளப்பினார். நான் பானெட்டைத் திறந்தேன். டின்னைக் காணோம். பிரீதர் வாயில் மரக்கட்டை அடித்திருந்தது. வெளியேற வழியில்லாமல் ஆவி முட்டி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியையே பிய்த்து எறிந்திருந்தது. சுடுகிற சைலன்சர் குழாய்மேல் எண்ணெய் கொட்டிக் கொதித்தது. தீப்பிடிக்காதது அவள் அதிர்ஷ்டம். "டின்னு கடகடன்னு ஆடிச்சு. கட்டையடிச்சா அழுக்கும் வராதுன்னு நெனச்சேன்" என்றார் அருணாசலம், என் முகத்தைப் பார்க்காமல். நான் அந்தக் கட்டையை உருவிக் கீழே போட்டேன்.

சாயங்காலம் முத்தையா திரும்பி வந்தார். நானும் அருணாசலமும் எழுந்து நின்றோம். வேனை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பொம்பளப் பிள்ள, ரெண்டு உசுரும் நல்லாருக்கு. பிள்ள மேல எப்படி எலுமிச்சம்பழ வாசம் அடிக்கின்னுதான் நர்சம்மா கேக்காக."

எண்ணெயைப் பிடிக்க டின் கட்டப் போய், ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டது என்னவோ அதைக் கட்டினவன்தான்.