நான் வெட்டி எடுத்த ‘ம்’

என் புது ஆல்பத்தில் ஏழு பாட்டு. எல்லாம் நானே எழுதி, முணுமுணுப்பாகப் பாடியவை. தாளம் கிடையாது; ஒரு கிதார், பின்னால் நீண்டுகொண்டே போகும் ஒரு கீபோர்டு சுரம், அவ்வளவுதான். சிட்லபாக்கம் வீட்டில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தவரை அம்மா தலையில் கட்டிவிட்டு ஸ்டுடியோவுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மேல் தெருவில் குக்கர் சத்தம் ஓய்ந்துவிடும். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு மைக்கை வைப்பேன். ஒரு மின்சார ரயில் போய் அடுத்தது வருவதற்குள் ஒரு பாட்டைப் பாடி முடிக்க வேண்டும். ஆக்சிஜன் மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டேன். அப்பாவைத்தான் முடியவில்லை. கதை கேட்பவர்கள் ‘ம்’ கொட்டுவார்களே, அதுபோல ஒவ்வொரு வரிக்கும் அவர் ‘ம்’ கொட்டுவார்.

“அப்பா, கொஞ்சம் சும்மா இருப்பா. டேக் வீணாப் போவுது.”

“நல்லா இருந்துச்சும்மா, அதான்.”

அடுத்த வரிக்கும் ‘ம்’. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெஷின் சத்தத்தை கம்ப்யூட்டர் ஒரே அமுக்கில் துடைத்துவிட்டது. ‘ம்’ மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. ஒவ்வொன்றாகத் தேடி நானே வெட்டினேன். நான்கு நாள் ஆயிற்று. முடித்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். லேப்டாப்பில் இடமில்லை என்று வெட்டாத பழைய பதிவுகளையும் மிச்சம் வைக்காமல் அழித்தேன்.

அடுத்த வாரம் அப்பா போய்விட்டார்.

போனில் வீடியோ எடுத்தால் கையை ஆட்டி விரட்டுகிற மனிதர் அவர். காரியமெல்லாம் முடிந்த பிறகு தேடிப் பார்த்தேன். அவர் குரல் எங்கேயும் இல்லை. இருந்ததை நான்தான் வெட்டிப் போட்டிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆல்பம் வெளியானது. ‘இவ்வளவு சுத்தமான அமைதியை நான் கேட்டதே இல்லை’ என்று யாரோ எழுதியிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா ஹெட்போன் கேட்டாள். அந்த மதியங்களில் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்திருக்கலாம், தைரியம் இல்லை. மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது பாட்டில் கண்ணைத் திறந்தாள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா வையேன். அப்பா குரல் கேக்கவே மாட்டேங்குது.”

கூட்டினேன். தலையை ஆட்டினாள். இன்னும் கூட்டினேன்.

“இதுக்கு மேல வைக்க முடியாதும்மா.”

“உன் குரல்தான் பெருசாக் கேக்குது. அப்பா எப்பவுமே மெதுவாத்தானே சொல்வார். எனக்குத்தான் காது சரியில்ல போல.”

இல்லம்மா, உன் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். போன வாரம் காது டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.