கிளப் மேடையிலிருந்து மாலை போட்ட படத்துக்கு

நூறு பேர் சிரித்தாலும் சிரிக்காத ஒருவர்தான் கண்ணில் படுவார் என்பது எங்கள் தொழிலின் சாபம். இந்த ஊழியர் இதழைப் படிக்கும், கவுன்ட்டரில் உட்கார்ந்து பொதுமக்களோடு மல்லுக்கட்டும் உங்களுக்கும் இது புரியும். பதினெட்டு வருஷம் ஹைதராபாத் கிளப்புகளிலும் ஹோட்டல் பார்களிலும் மைக் பிடித்து ஜோக் சொன்னேன். இப்போது தெலுங்கு சீரியல்களில் அப்பா, டாக்டர், நீதிபதி என்று எது கொடுத்தாலும் நடிக்கிறேன்.

முன் மேசைக்காரர்

ஒரு ஹோட்டல் பாரில் ஆஸ்பத்திரி ஜோக்குகளாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் நன்றாகச் சிரித்தது. முன் மேசையில் தனியாக இருந்தவர் மட்டும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுவேனா? "சார், வீட்டுக்காரம்மா அனுப்பிச்சாங்களா, இல்ல தப்பிச்சு வந்தீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டேன். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்தார். தமிழர். கோபமே இல்லாமல் சொன்னார்: "அவ ஐசியூல இருக்கா தம்பி. எங்கயாவது போய் ஒரு மணி நேரம் மறந்துட்டு வாங்கன்னு நர்ஸம்மாதான் அனுப்பிச்சாங்க."

முகப் பொருத்தம்

அதற்கப்புறம் முன் மேசைப் பக்கம் பார்ப்பதையே விட்டேன். ஒருநாள் பாதி ஜோக்கில் நின்றுவிட்டேன்; முடிவு ஞாபகம் வரவில்லை. அதையும் ஜோக் என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்த கூட்டம், பிறகு தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டது. மறுநாளிலிருந்து எனக்குப் பதிலாக ஒரு பாட்டுக்காரர்.

மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். சீரியலுக்கு ஆள் பிடிக்கும் ரமணா தன் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். வசனம் கிடையாது, நாயகியின் இறந்துபோன அப்பாவாக, மாலை போட்ட படத்துக்கு முகம் மட்டும் வேண்டும் என்றார். "நான் காமெடியன் ஆச்சே" என்றேன். என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அதெல்லாம் நக்கோ, வேணாம் சார். உங்களப் பாத்தா சிரிப்பு வராது, பாவம்தான் வருது."

கேட்டுப் பழகியது

வருஷம் திரும்புவதற்குள் படத்திலிருந்து இறங்கி டாக்டர் வேஷத்துக்கு வந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்களால முடிஞ்சதச் செஞ்சோம்" என்று சொல்லும் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கணையத்தில் கட்டி வந்தது. மாரெட்பள்ளியில் டீச்சர், லேசில் லீவு போடாதவள்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டருக்குச் சின்ன வயது, தமிழ்ப் பையன். பேச ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் தடுமாறினார். அவருடைய அம்மா பார்க்கும் சீரியலில் நான் வருகிறேனாம். அவர் திணறுவதைப் பொறுக்க முடியாமல் ஸ்டெல்லாதான் பேசினாள்: "சும்மா சொல்லுங்க டாக்டர். இவரு வீட்ல தினம் இதையேதான் சொல்லிப் பாக்குறாரு, எனக்குக் கேட்டுப் பழகிருச்சு."

அடக்கத்தன்று

ஆறு மாதம்கூட இருக்கவில்லை அவள். பாஸ்டர் ஜெபம் செய்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை, மண் போட்டபோதும் வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. மெட்டுகுடாவிலிருந்து எங்கள் தெருவே வந்திருந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண், "டீவில எப்படி அழுவாரு, சொந்தப் பொண்டாட்டிக்கு ஒரு சொட்டு வரல பாரு" என்றாள். பக்கத்தில் இருந்தவள் ஆமோதித்தாள்: "ஹவ், அவருக்குக் கேமரா வேணும்."

முதல் சிரிப்பு

மகள் ஜெனிக்குத் தமிழ் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஸ்டெல்லாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தோம். நான் சும்மா இருக்காமல், "அம்மா என் ஷோவுக்கு வந்தா கடைசி வரிசைலதான் உக்காருவா. ஆனா முதல்ல சிரிக்கிறது அவதான். என் ஜோக்குன்னா அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்" என்றேன்.

ஜெனி கையிலிருந்த புடவையை மடியில் வைத்தாள். வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் சொன்னாள்: "அம்மாவுக்கு உங்க ஜோக்ல பாதிக்குச் சிரிப்பே வராது டாடி. யாராச்சும் ஸ்டார்ட் பண்ணணும்ல, அதான் சிரிப்பேன்னு சொல்வாங்க."

ஆக, எங்கள் வீட்டில் நன்றாக நடித்த ஆள் நான் இல்லை என்பதை இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.