மாதாவுக்கு ஒரு கட்டு நீலம்

பாதிக் கதவு மட்டும் திறந்திருக்கும் அந்தக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது பூச்சி உருண்டையின் நெடி. அதற்குப் பின்னால் கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசம். கண் இருட்டுக்குப் பழகும் மட்டும் வாசற்படியோடு நிற்கையில், மெல்ல வந்து சேரும் மண்ணெண்ணெய் விளக்கின் புகை. பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மின்சாரம் போய் வெகுகாலமாகியிருந்தது. குண்டுபோட வரும் "பொம்பர்" சத்தம் கேட்டால் சட்டென்று இழுத்து மூட வசதியாகக் கதவில் ஒரு பாதியை முதலாளி எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். யாழ்ப்பாணம் பெரியகடையில் தையல் சாமான் விற்ற கடைகளில் அதுதான் எங்களுக்குப் பிடித்த கடை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு.

நூல் வாங்கப் போனோம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வாங்குவதற்கு அங்கே என்ன இருந்தது? கொழும்பிலிருந்து வரத் தடைசெய்யப்பட்ட சாமான்களில் பூத்தையல் நூலும் உண்டா என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் "லாச்சி" இழுப்பறைகளைத் திறந்தால் கறுப்பும் காக்கியும் தவிர வேறு நிறமே இல்லை. நாங்கள் போவது பார்க்க. கண்ணாடி அலுமாரிக்குள், நல்ல காலத்தில் யாரோ தைத்துக் கொடுத்த மாதிரித் துண்டுகள் இருந்தன: தோகை மடித்த மயில், திராட்சைக் கொத்து, ஓரமெல்லாம் வலைப்பின்னலாய் "ரேந்தை" வைத்த கைக்குட்டை. அக்கா அவற்றுக்கு முன்னால் நின்று கண்ணாடியின் மேல் விரலால் ஒவ்வொரு இலையையும் வரைந்து பழகுவாள். வீடு வந்ததும் மறந்துபோகுமுன் கரித்துண்டால் அதைச் சீமெந்துத் தரையில் போட்டுப் பார்ப்பாள். முதலாளி நல்ல மனிதர், ஒன்றும் சொல்லமாட்டார். "பாருங்கோ பிள்ளையள், பாக்கிறதுக்கு இன்னும் தடை வரேல்லை" என்பார்.

எங்கள் வீடு குருநகரில், கடலுக்குப் பக்கத்தில். அப்பா கடற்றொழில் செய்தவர். கடலில் இறங்கக் கூடாது என்றான பிறகு வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது; அவர் முற்றத்தில் குந்தியிருந்து, ஒருநாளும் கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துப் பொத்திக்கொண்டிருந்தார். தரைப் பாதைகள் அடைபட்டுவிட்டன. குடாநாட்டை விட்டுப் போவதென்றால் கிளாலியில் வள்ளம் ஏறி இருட்டில் கடலேரியைக் கடக்க வேண்டும், போனவர்கள் எல்லோரும் அக்கரை சேரவும் இல்லை. சின்னப் பிள்ளையான எனக்கே அந்த நாட்களில் மூச்சு முட்டியது என்றால், பள்ளிக்கூடமும் முடிந்து வீட்டோடு இருந்த அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்.

அப்படியிருக்கத்தான் அவளுக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. அவள் கொழும்பிலுள்ள மாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், மிச்சமெல்லாம் மாமி பார்த்துக்கொள்வா. துணைக்கும் ஆள் இருந்தது. பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணை, மாதா திருநாள் முடிந்த கையோடு குடும்பத்துடன் கிளாலியால் போவதாக இருந்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் குறுக்கே நின்றது ஒரு நேர்த்தி.

அதற்கு முந்திய வருடம் எங்கள் குசினிச் சுவரில் ஷெல் விழுந்து, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பியிருந்தோம். அன்று பின்னேரமே அம்மா கோயிலுக்குப் போய், மூத்த மகளின் கையால் பீடத்துணி தைத்துத் தருவதாக மாதாவுக்கு நேர்ந்துவிட்டு வந்தா. வெள்ளைத் துணி, சுற்றிவர மாதாவின் நீலத்தில் நட்சத்திரங்கள். நீல நூல் எங்கே கிடைக்கும் என்று நேரும்போது யார் யோசிப்பார்கள்? எங்கள் கரையில் ஒரு வழக்கம், நேர்த்தியைப் பாக்கி வைத்துக்கொண்டு எவரும் கடல் ஏறமாட்டார்கள். ஏறினால் வள்ளத்திலிருக்கும் மற்றவர்களுக்கும் அது கேடு. மரியதாஸ் அண்ணை முகத்துக்கு நேரேயே சொன்னார்: "தங்கச்சி, திருநாளுக்கு முதல் துணியைக் குடுத்திடு. நேர்த்தி கிடக்கிற ஆளை என்னாலை வள்ளத்திலை ஏத்தேலாது."

ஆக, அக்கா ஊரை விட்டுப் போவதும் போகாததும் சில கட்டு நீல நூலில் வந்து நின்றது. கைவசம் இருந்த நூல் பாதி நட்சத்திரங்களோடு முடிந்தது. மிச்சத்துக்காக அக்கா சைக்கிள் மிதிக்க, நான் பின் "கரியரில்" இருக்க, கடை கடையாக அலைந்தோம். சின்னக்கடைப் பக்கம் இல்லை. நீர்வேலியில் வாழைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு கடை இருக்கிறதென்று யாரோ சொல்லிப் போனால் அங்கே பொத்தானும் ஊசியும் மட்டும். உடுவிலில் வீட்டு விறாந்தையிலேயே தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மா, தன் சொந்தத் தலையணை உறையிலிருந்து பிரித்தெடுத்த சில இழைகளைத் தந்தா. அக்கா அவற்றை ஈரத்துணியில் வைத்து நேராக்கி, ஒரேயொரு நட்சத்திரம் தைத்தாள். பொம்பர் வந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு வேலியோரம் படுப்போம். போனதும் எழும்பி அடுத்த கடை. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்புகையில், எங்கே போனாலும் கடைசியில் அதே வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறோம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

திருநாள் நெருங்கிய ஒரு காலையில் மறுபடியும் பெரியகடைக் கடைக்குப் போனோம். முதலாளி எங்களைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன பிள்ளை, இன்னும் வேணுமோ? கிளாலியாலை வந்த சாமானிலை கொஞ்ச நீலம் கிடந்தது. நேற்று உங்கடை அம்மா வந்து முழுக்கக் கொண்டுபோட்டாவே. மேளின்ரை வேலைக்கெண்டு சொன்னவ."

அக்கா கண்ணாடி அலுமாரிக்குள்ளிருந்த மயிலைப் பார்த்தாள். பிறகு, "ஓம் ஓம், மறந்துபோனன். அது காணும்" என்று சொல்லி, என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். எனக்குக் கொதித்தது. அம்மா நூலை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறா! மகள் எங்கும் போகக் கூடாதென்று மாதாவின் பெயரைச் சொல்லியே கட்டிப்போட்டிருக்கிறா! வீட்டுக்குப் போய்ச் சட்டி பானை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேடப் போகிறேன் என்று வழி முழுக்கக் கத்தினேன். அக்கா சைக்கிளை நிறுத்தினாள். "வாய் திறந்தியோ, பிறகு என்னோடை கதைக்காதை" என்றாள்.

அம்மா குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா.

"நூல் கிடைச்சதே பிள்ளை?"

"இல்லையம்மா. ஒரு கடையிலையும் இல்லை."

"மாதா ஒரு வழி விடுவா" என்றா அம்மா, தலை நிமிராமலே.

மாதா ஒரு வழியும் விடவில்லை. திருநாள் வந்து போனது. மரியதாஸ் அண்ணை குடும்பம் புறப்பட்டுப் பத்திரமாக வவுனியா போய்ச் சேர்ந்தது. ஜேர்மனிக்காரருக்கு வேறொரு பெண் கிடைத்தாள். அக்கா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் "ரீச்சர்" ஆனாள், கலியாணம் என்ற கதையை எடுக்கவே விடவில்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்க, ஊர் முழுக்க எழும்பி மழையில் நடந்தபோது அந்தப் பீடத்துணி வீட்டோடு போயிற்று. நான் அம்மாவோடு கதைத்தேன், சிரித்தேன், பிறகு கனடாவிலிருந்து வாராவாரம் "கோல்" எடுத்தேன். ஆனால் மனதுக்குள் அவ கண்மூடும் வரை அவவை மன்னிக்கவில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது அக்காவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பெரியகடையில் அந்தக் கடை இல்லை, அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். பாதிக் கதவும் இல்லை, முழுக்கக் கண்ணாடி, பளீரென்ற வெளிச்சம். எதிர்க் கடையில் பூத்தையல் நூல் எத்தனை நிறமும் சரஞ்சரமாகத் தொங்குகிறது, வாங்கத்தான் ஆளில்லை. மாலையில் பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பழைய கொதிப்பு வந்துவிட்டது. "அம்மா உனக்குச் செய்தது அநியாயம் அக்கா" என்றேன்.

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"உனக்கு இன்னும் விளங்கேல்லையே? எனக்குக் கடலெண்டால் பயமடி. வள்ளத்திலை கால் வைக்க என்னாலை ஏலாது. குருநகரிலை பிறந்த பெட்டை, கடற்றொழிலாளியின்ரை மேள், இதை ஆருக்குச் சொல்லுறது? அப்பாவுக்குச் சொல்லேலுமே? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மா எப்பிடியோ கண்டுபிடிச்சிட்டா."

இத்தனை வருடக் கோபத்தை இனி யார் தலையில் கொண்டுபோய்ப் போடுவது? சமாளித்துக்கொண்டு, "அப்ப அந்த ஜேர்மனி மாப்பிள்ளையை உனக்குப் பிடிக்கேல்லை, அப்பிடித்தானே?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது?" என்றாள் அக்கா. "அந்த ஆளிலை எனக்கு நல்ல விருப்பம்." சொல்லிவிட்டு, வாகனங்கள் குறைந்த நேரம் பார்த்து, தெருவைக் கடக்க என் கையைப் பிடித்தாள்.