அம்மனுக்கு மூன்று பிடி

ரப்பர் விலை சரிந்து, ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிய காலம் அது. மலாயாவில் சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர் காய்ச்சலில் மறைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏழு வயது மகளோடு நான் தனித்து நின்றேன். குழந்தையை மட்டும் தாம் வளர்ப்பதாகவும், எனக்குத் தம் வீட்டில் இடமில்லை என்றும் ஊரிலிருந்து மைத்துனர் எழுதியிருந்தார்.

அவளைப் பிரியாதிருக்க எனக்கு ஒரே வழி, தோட்டப் பள்ளியின் ஆசிரியை வேலை. அதற்கான பரீட்சையில் அல்ஜீப்ரா என்னும் எழுத்துக் கணக்கு இருந்தது.

புராணங்களும் பாடல்களும் கற்றவள் நான். வாய்ப்பாட்டைப் போலவே இதையும் மனப்பாடம் செய்தேன். புத்தகத்தின் முதல் கணக்கில், எக்ஸ் என்ற எழுத்துடன் மூன்றைக் கூட்டினால் ஏழு. ஆகவே எக்ஸ் நான்கு. அது என்றென்றைக்கும் நான்கு என்று நம்பிவிட்டேன். எல்லாக் கணக்கிலும் நான்கையே வைத்தேன். தோற்றேன்.

விடைத்தாளைக் கொடுத்த புதுக் கிராணி சிரித்தார்.

“என்னாங்கம்மா, எங்க பாத்தாலும் நாலு? எக்ஸு என்ன லயத்து வீட்டு நம்பரா, மாறாம இருக்க? ஆடி முடிஞ்சதும் இன்னொரு தடவ எழுதுங்க. அதுலயும் போச்சுன்னா கப்பல்தான். தொரை சொல்லிட்டாரு.”

அன்றுமுதல் உணவு இறங்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் கண் இருண்டது. மகள் தூங்கும் முகத்தைப் பார்க்கவும் அஞ்சினேன்.

ஆடி வெள்ளியன்று மாரியம்மன் கோயில் தூணில் சாய்ந்து அழுதேன். “தாயே, என் அறிவு போதவில்லை. நீயே சொல்.” வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

அருகே பெண்கள் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

“முனியம்மாக்கா, எத்தன பேரு வருவாங்க?”

“அத யாரு கண்டா? ஆளுக்கு ரெண்டு பிடி மாவு, ஆத்தாளுக்கு மூணு பிடி. வர்ற தலைய எண்ணிப் போடுடி. எப்பவும் அதான!”

என் அழுகை நின்றது. இரண்டு எக்ஸ், கூட்டல் மூன்று! ஐவர் வந்தால் பதின்மூன்று பிடி. பத்துப் பேர் வந்தால் இருபத்து மூன்று. எக்ஸ் என்பது வருகிறவர்களுக்காகத் திறந்து வைத்த இடம். முதல் கணக்கில் மொத்தம் ஏழு என்று தெரிந்திருந்ததால் மட்டுமே அங்கே நான்கு வந்தது. அடுப்புக் கரியை எடுத்துத் தரையில் எழுதி எழுதிப் பார்த்தேன்.

அம்மன் அருளால் தேறினேன். மகள் என்னோடு இருந்தாள்.

ஆனால் முனியம்மாக்காவைக் கப்பலேற்றிவிட்டார்கள். மறு ஆடியில் கூழுக்கு வந்தோர் ஒன்பதே பேர். பானையின் முன் நின்று, ஒருவருமே வராவிட்டால் என்று எண்ணிக் கலங்கினேன். அப்போதும் அம்மனுக்குரிய மூன்று பிடி பானையில் இருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சகோதரிகளே, எல்லாரும் போய்விட்ட வீட்டிலிருந்து இதைப் படிக்கிறவர் உங்களில் இருக்கலாம். அந்த மூன்று பிடியை முதலில் போடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் அடுப்பு மூட்டுகிறேன்.