நனையாத தலைப்பாகை

ஜெர்மன் பேசுகிற துன் நகரத்தில் ஆற்று மதகின் மேல் ஒரு மரப்பாலம் இருக்கிறது. கூரை போட்ட பாலம். கோடையில் அதன் ஓரமெல்லாம் பூச்சட்டிகள் தொங்கும், வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுப்பார்கள். நான் அதைக் கடப்பதில்லை. அக்கரைக் கடைக்குப் போவதானால் தூரத்துக் கொங்கிரீட் பாலத்தால் சுற்றித்தான் போவேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள், தொலைபேசி அடித்தால் எடுக்கும் முன்னமே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சைப் பிடிக்கிறவள் என்று என் பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். மற்றப் பயங்களுக்கு என்னிடம் காரணம் இல்லை. பாலத்துக்கு இருக்கிறது. காரணம் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் மாமாவும் வந்தார். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவர் அவர். இங்கே அகதி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தபோது, நகரத்துக்கு வெளியே தங்கியிருந்த ஒரு சின்ன சர்க்கசில் கூடாரக் கயிறு இழுக்க ஆள் எடுத்தார்கள். மாமா போனார். கொஞ்ச நாளில் அங்கே பாம்பு காட்டுகிற ஆளுக்கு முதுகு பிடித்து அவர் தன் ஊருக்குப் போய்விட்டார். பாம்பு போகவில்லை. முதலாளி கயிறு இழுப்பவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மாமாவின் நிறத்தில் அவர் கண் நின்றது. இந்தியன்தானே என்று கேட்டார். இல்லை, இலங்கை என்றார் மாமா. அங்கேயும் பாம்பு இருக்கும்தானே என்றார் முதலாளி. இருக்கும்தான். மாமாவால் அதை மறுக்க முடியவில்லை.

அப்படித்தான், வீட்டுக்குள் பல்லி வந்தாலே கதிரையில் ஏறுகிற என் மாமா, சிவப்புத் தலைப்பாகை கட்டி, கழுத்தில் ஒரு மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு, ஊத வராத மகுடியைக் கன்னம் உப்ப ஊதுகிறவர் ஆனார். சத்தம் திரைக்குப் பின்னால் ஒலிநாடாவில் இருந்து வந்தது.

செய்தி கேட்ட அன்றே அம்மா வீட்டில் மச்சம் சமைப்பதை நிறுத்தினார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டையும் இல்லை. எங்கள் குடும்பம் பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். தம்பி பாம்பைத் தொட்டு ஆட்டுகிற காலம் வரைக்கும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கொத்திப்போடும் என்பது அம்மாவின் கணக்கு.

"அக்கா, உது வெங்கிணாந்தி, மலைப்பாம்பு. கொத்தாது. நாகதம்பிரானுக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை" என்று மாமா சிரித்தார்.

"அது பாம்புக்குத் தெரியுமோ?" என்றார் அம்மா.

ஏரிக்கரை ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்குத்தான் பெரிய கஷ்டம். "நாள் முழுக்க ஊரான் திண்ட இறைச்சித் தட்டைக் கழுவுறன். வீட்டை வந்தா பருப்பு. உன்ரை தம்பியைப் பாம்பு கடிக்கிறதுக்கு முதல் நான் செத்துப்போவன்" என்று முணுமுணுப்பார். அம்மா காதில் வாங்கமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு செம்பில் பால் கொண்டுபோய் பாம்பு வண்டியின் படியில் வைத்துக் கும்பிட்டு வருவார். சர்க்கஸ் நாய் அதைக் குடித்துக் கொழுத்துப்போயிற்று.

மாமாவும் வெளியில் சிரித்தாரே தவிர, ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்கும் முன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குனிந்து, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துச் சனம் மூச்சை அடக்கிப் பார்த்தது. முதலாளி அந்த இடத்துக்குப் பச்சை விளக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்.

வசந்தம் வந்தது. ஒரு பின்னேரம் நானும் அம்மாவும் கடைக்குப் போய்விட்டு வருகிறோம். பஸ் தரிப்பிடத்து விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் கட்டியிருந்தது. சுற்றிவரக் கறுப்புக் கரை. நடுவில் மாமாவின் முகம்.

அம்மாவின் கையிலிருந்த பை விழுந்தது. "ஐயோ என்ரை தம்பி" என்று கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கத்தினார். வெங்காயம் உருண்டு ரோட்டுக்குப் போனது. ஊரில் விளக்குக் கம்பத்தில் கறுப்புக் கரையோடு ஒருவரின் முகம் ஒட்டப்பட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நானும் அப்படி எத்தனையோ முகங்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கிளாசில் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

எனக்கு ஜெர்மன் எழுத்துக் கூட்டத் தெரியும். வாசித்தேன். சர்க்கசின் பெயர், சனிக்கிழமை, மூன்று மணி. பிறகுதான் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அது படம் பிடித்த முகம் இல்லை, கையால் கீறின ஓவியம். கண் மஞ்சளாக இருந்தது. நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தது.

"அம்மா, இது சர்க்கஸ் விளம்பரம். மாமா உயிரோட இருக்கிறார்."

"உயிரோட இருக்கிறவனை ஆரடி கம்பத்தில கட்டுவினம்?" என்று அம்மா கேட்டார்.

விஷயம் இதுதான். இடைவேளையில் பிள்ளைகளுக்கு விற்க முதலாளி ஒரு படக்கதைப் புத்தகம் அடிப்பித்திருந்தார். ஒல்லியான ஓவியர் ஒருவர் வந்து சர்க்கஸ்காரர் எல்லோரையும் கீறிக்கொண்டு போனார். மாமா தலை வாரி, நெஞ்சை நிமிர்த்தி, தன்னைத்தான் கதாநாயகனாகப் போடப்போகிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தாராம். புத்தகம் வந்தபோது, கோமாளியும் ஊஞ்சலாடுகிற முதலாளி மகளும் நல்லவர்கள். மாமா வில்லன். சர்க்கசில் பாம்பாட்டியாக இருந்தவனைப் பாம்பு கடித்து, விஷம் தலைக்கேறி, அன்று தொடக்கம் மகுடி ஊதி ஊரையே நித்திரையாக்கிவிட்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கிறான். பாம்புகள் பணமூட்டையைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் ஊர்கின்றன.

மாமா அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து விழுந்து விழுந்து சிரித்தார். "மூக்கை மட்டும் நல்லாக் கீறியிருக்கிறான்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வகுப்பில் பொடியள் புத்தகத்தைக் கொண்டுவந்து, நான் போகும் இடமெல்லாம் "ஸ்ஸ்ஸ்" என்று சீறினார்கள். அதுகூடப் பரவாயில்லை. என்னைப் பிடித்து உலுக்கியது கடைசிப் பக்கம்.

கடைசிப் பக்கத்தில் வில்லன் ஓடுகிறான். கோமாளி துரத்துகிறான். ஓடி வந்து ஏறுகிற பாலம் எங்கள் மரப்பாலம். அதே கூரை, அதே பூச்சட்டி. பலகை உடைகிறது. மதகுக்குள் வெள்ளையாய்ச் சுழல்கிற தண்ணீருக்குள் தலைகீழாக விழுகிறான். கடைசிப் படத்தில் தண்ணீரும் அதன்மேல் மிதக்கிற சிவப்புத் தலைப்பாகையும் மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்கு வருவதற்கு மாமா ஒவ்வொரு முறையும் அந்தப் பாலத்தால்தான் வருவார். மாமாவுக்கு நீந்தத் தெரியாது.

முதலில் கம்பத்தில் முகம், பிறகு புத்தகத்தில் சாவு. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்தேன். யாரோ எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்து அச்சடித்துவிட்டார்கள், இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி என்று எனக்கு விளங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கெதியாக நடந்துவிடும் என்று பயம். மாமா வருகிற நாட்களில் பாலத்தடியில் போய்க் காத்து நிற்பேன். வந்ததும் கையைப் பிடித்துக்கொள்வேன். கீழே தண்ணீர் பலகைக்கு அடியில் இரைந்துகொண்டிருக்கும். ஒருநாள் நடுப்பாலத்தில் ஒரு பலகை கிரீச் என்றது. நான் மாமாவின் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா சிரிக்கவில்லை. பாலத்திலேயே என் பக்கத்தில் குந்தினார். என் பள்ளிப் பையில் இருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

"இஞ்சை பார் பிள்ளை. தலைப்பாகை மிதக்குது. ஆள் எங்கை?"

"தண்ணிக்குள்ளை."

"நீ கண்டனியோ?"

"இல்லை."

"ஆளைக் காணாட்டி ஆள் சாகேல்லை. வேறை எங்கையோ கரையேறிட்டான். வில்லன் செத்தா அடுத்த புத்தகத்துக்கு முதலாளி ஆரைப் பிடிக்கிறது?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாலம் முடியும்வரை நான் சட்டையை விடவில்லை.

இலையுதிர் காலம் தொடங்கிய ஒரு புதன்கிழமை. புதன் பின்னேரத்தில் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டுப் படியில் ஏறும்போதே மூக்கில் அடித்தது. மீன்குழம்பு. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா மீன் மட்டுமில்லை, முட்டையும் பொரித்துக்கொண்டிருந்தார். மேசையில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வேலையில் இருக்க வேண்டிய அப்பா பக்கத்தில் இருந்து அவருக்குக் குழம்பு விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மீனைக் கண்டு எத்தனை காலம் என்று பகிடி விடக்கூட இல்லை.

"அம்மா, நாகதம்பிரான்" என்றேன்.

"சத்தம் போடாமல் சாப்பிடு."

"மாமாவை அது கடிக்கப் போகுது. ஏன் சமைச்சனீங்கள்? நீங்கள்தானே சொன்னீங்கள்."

நான் மீனைத் தொடவில்லை. நான் மட்டும் தொடாமல் இருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றலாம் என்று வெறும் சோற்றை விழுங்கினேன். மாமா கை கழுவிவிட்டு வந்து, ஒரு கடதாசிப் பையிலிருந்து சிவப்புத் தலைப்பாகையை எடுத்து என் மடியில் வைத்தார். "கவனமா வைச்சிரு பிள்ளை. போயிட்டு வாறன்" என்றார். அம்மா புட்டும் மிச்ச முட்டையும் கட்டிக் கொடுத்தார். நான் சப்பாத்துப் போட்டு முடிக்க முன்னம் மாமா தெருவைத் தாண்டிவிட்டார். அன்றைக்கு அவரைப் பாலம் கடத்திவிட நான் போகவில்லை.

மாமாவின் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், திருப்பி அனுப்பப் போகிறார்கள், அதற்கு முன் அவர் ரயிலேறி பிரான்சுக்கும் பிறகு கனடாவுக்கும் போகத் தீர்மானித்துவிட்டார் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் சொல்லப்பட்டது. பிள்ளைக்குச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் போய்க் கதைக்கும் என்று பயந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். கம்பத்தில் முகம் தொங்கியது. அம்மா நோன்பை முறித்தார். மாமா பாலத்தடிக்குப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பாலத்தடிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பேன். சிவப்பாக ஏதாவது தெரிந்தால் எம்பிக் குனிந்து பார்ப்பேன். ஒருநாள் அது யாரோ எறிந்த பால் பெட்டி.

அடுத்த கிழமை பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். உயரமான ஆள், நரைத்த மீசை. வாசலில் சப்பாத்தை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஜெர்மன் வராது. டாக்டரிடம், அரசாங்கக் கந்தோரில், கடையில், எல்லா இடத்திலும் போல அன்றைக்கும் நான்தான் நடுவில் நின்றேன். உன் மாமா எங்கே என்று அவர் எனக்கு விளங்கும்படி மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது எண்டு சொல்லு" என்றார் அம்மா. அவருடைய விரல்கள் என் தோளில் அழுந்தின.

ஆனால் எனக்குத் தெரியுமே. இவ்வளவு நாளும் என்னிடம் யாருமே கேட்கவில்லை, இவர் ஒருவர்தான் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். மாமா பாலத்தால் விழுந்துவிட்டார், யாராவது இறங்கித் தேடுங்கள் என்று விக்கி விக்கிச் சொன்னேன்.

பொலிஸ்காரர் மேசையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்து முடித்தார். அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. கடைசிப் பக்கத்தில் அவர் அதிக நேரம் நின்றார். பிறகு, இந்தத் தலைப்பாகையை யாராவது கண்டெடுத்தார்களா என்று கேட்டார்.

நான் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழேயிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கினார். மடிப்பைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் பட்ட சுவடு எங்கேயும் இல்லை. கஞ்சி போட்ட விறைப்புக்கூட அப்படியே இருந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். அவர் தலைப்பாகையைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்து, என்னிடம் இரண்டு வசனம் சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பிறகு ஒருபோதும் வரவில்லை.

கதவு சாத்துமுன்னமே அம்மா என்னை உலுக்கினார். "என்ன கேட்டவர்? நீ என்ன சொன்னனீ? என்ன சொல்லிப்போட்டுப் போறார்?"

"மாமா பாலத்தால விழுந்திட்டார் எண்டு சொன்னன். தண்ணியில விழுந்த ஆளைத் தேடுறது தன்ரை வேலை இல்லையாம். தலைப்பாகையை ஈரம் படாமல் வைக்கட்டாம்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். அவருடைய தோள்கள் குலுங்கின, நிற்காமல் குலுங்கின. தம்பி செத்தது அம்மாவுக்கு இப்போதுதான் விளங்கியிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்து, பயப்பிடாதேங்கோ அம்மா, பயப்பிடாதேங்கோ என்று சொல்லிச் சொல்லி நான் அழுதேன். அதைக் கேட்டு அம்மா இன்னும் அதிகமாகக் குலுங்கினார்.